கோதுமையும் உப்பும்

அயர்லாந்தின் லிமெரிக் நகரிலிருந்து மேற்கே, ஷானன் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டியே போகும் சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் அஸ்கீட்டன் வந்துவிடும். அக்டோபர் கடைசி வாரம். காலை எட்டு மணிக்கும் சரியாக விடியவில்லை. வண்டியை ஓட்டியவள் என் அக்கா மகள். லிமெரிக்கில் செவிலியாக வேலை பார்க்கிறாள். எனக்காக மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தாள்.

"இங்க வர்றவங்க எல்லாம் மோஹர் பாறையைத்தான் பார்க்கணும்பாங்க. நீங்க என்ன மாமா, இடிஞ்ச கோட்டையாத் தேடுறீங்க?" என்றாள்.

கோட்டைகளுக்காக நான் வரவில்லை. ஒரு பட்டம் பறிபோன வழியில் ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வந்திருந்தேன். டெஸ்மண்ட் என்பதை நாம் ஆள் பெயராகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். அது ஒரு நாட்டுப்பகுதியின் பெயர். 'தெற்கு மன்ஸ்டர்' என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லின் திரிபு; மன்ஸ்டர் அயர்லாந்தின் தென்மாகாணம். கெர்ரி, லிமெரிக், கார்க் என்று இன்று வழங்கும் மாவட்டங்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஒரே குடும்பத்தின் பிடியில் இருந்தது. 1329ல் அந்த ஃபிட்ஸ்ஜெரால்ட் குடும்பத்தின் மாரிஸுக்கு இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்ட் 'டெஸ்மண்ட் ஏர்ல்' என்ற பட்டம் தந்தார். பிரபுப் பட்டங்களில் டியூக், மார்க்விஸ் ஆகியவற்றுக்கு அடுத்த படி ஏர்ல். கெர்ரியில் இவர்களுக்கென்று தனி நீதிமன்றமே இருந்தது. அரசரின் ஆணை அங்கே இவர்கள் வாசலைத் தாண்டித்தான் ஊருக்குள் போக முடியும்.

வந்தவர்கள் நார்மன்கள். ஆனால் சில தலைமுறைக்குள் மண் அவர்களை மாற்றிவிட்டது. மூன்றாம் ஏர்ல் ஜெரால்ட், இங்கிலாந்து அரசரின் பிரதிநிதியாக அயர்லாந்தை ஆண்டவர். ஆனால் அவர் கவிதை எழுதியது ஐரிஷ் மொழியில். 1398ல் அவர் இறந்ததாக ஏடுகள் சொல்கின்றன. லிமெரிக் கிராமத்து மக்கள் அதை ஏற்கவில்லை. லாக் கர் என்ற ஏரிக்கு அடியில் அவர் உறங்குகிறார், ஏழு ஆண்டுக்கு ஒரு முறை வெள்ளி லாடம் அடித்த குதிரையில் நீர்மேல் வருகிறார், அந்த லாடம் தேய்ந்து தீரும் நாளில் மீண்டு வருவார் என்பது அவர்கள் கதை. ஒரு நிலப்பிரபுவைப் பற்றி ஊர் இப்படி ஒரு கதை கட்டுமானால் அவர்களுக்குள் வரி வசூலுக்கு மேலான ஏதோ ஓர் உறவு இருந்திருக்க வேண்டும்.

அதற்காக இந்த ஏர்ல்களைப் புண்ணியவான்களாக நான் காட்டப்போவதில்லை. கூலிப்படையைக் குடியானவர் வீடுகளில் தங்கவைத்து, படைவீரனுக்கும் குதிரைக்கும் அந்த வீட்டுக்காரனே தீனி போடவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்தச் சுமையில் முறிந்த குடும்பங்களின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

அஸ்கீட்டனில் டீல் ஆறு ஊரை இரண்டாக வகிர்ந்துகொண்டு ஓடுகிறது. நடுவில் ஒரு பாறைத் தீவு. அதன்மேல் கோட்டை. பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்ததால் உள்ளே போக முடியவில்லை. பாலத்திலிருந்து பார்த்தோம். கோபுரத்தின் பாதி வெட்டி எடுத்ததுபோல் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நீண்ட விருந்து மண்டபம், கீழே வளைவு வைத்த கிடங்கறைகள், மேலே செதுக்கு வேலைப்பாடுள்ள சன்னல்கள். பதினைந்தாம் நூற்றாண்டு வேலை. கூரை போய்விட்டது. சன்னல் வழியே வானம் தெரிகிறது.

இந்த மண்டபத்தின் கடைசி உரிமையாளர் பெயரும் ஜெரால்ட்தான். வரிசையில் பதினான்காவதா, பதினைந்தாவதா என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. இவர் கதையின் முதல் முடிச்சு ஒரு பெண். ஜோன் என்ற விதவையை இவர் மணந்தார். அவர் ஆர்மண்ட் ஏர்லின் மனைவியாக இருந்தவர். ஆர்மண்டின் பட்லர் குடும்பமும் டெஸ்மண்டின் ஃபிட்ஸ்ஜெரால்ட் குடும்பமும் தலைமுறைப் பகையாளிகள். ஜோனின் மூத்த மகன் தாமஸ் பட்லர் அப்போது ஆர்மண்ட் ஏர்ல். ஒரு பக்கம் கணவன், மறுபக்கம் மகன். 1560ல் இரு படைகளும் எதிரெதிரே வந்து நின்றபோது ஜோனே நடுவில் நின்று பேசிக் கலைத்தனுப்பினார். 1565 தொடக்கத்தில் ஜோன் இறந்தார். சில வாரங்களில், அஃபேன் என்ற ஆற்றுத்துறையில் இரு படைகளும் மோதின. தடுக்க இப்போது ஆளில்லை. தொடையில் குண்டடிபட்ட ஜெரால்டை பட்லரின் ஆட்கள் தோளில் தூக்கிப் போனார்கள். பெரிய டெஸ்மண்ட் இப்போது எங்கே என்று ஒருவன் கேலி செய்ய, இருக்கவேண்டிய இடத்தில்தான், பட்லர்களின் கழுத்துமேல் என்று அவர் சொன்னாராம். அந்தக் காயம் அவரைக் கடைசிவரை நொண்டியாக்கியது.

எலிசபெத் அரசிக்கு இது பொறுக்கவில்லை. தன் குடிமக்கள் இருவர் சொந்தக் கொடி பிடித்துப் போரிடுவதா? ஆனால் தண்டனை இருவருக்கும் ஒன்றாக விழவில்லை. ஆர்மண்ட் அரசவையில் வளர்ந்தவர், அரசிக்கு உறவினர். டெஸ்மண்டோ 1567 முதல் 1573 வரை சிறையிலும் லண்டன் காவலிலும் கிடந்தார். ஊரில் அவருடைய உறவினர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்மாரிஸ் கிளர்ச்சி செய்தார், தோற்றார், ஐரோப்பாவுக்குப் போனார், 1579 ஜூலையில் போப்பாண்டவரின் ஆதரவோடு சிறு படையுடன் கெர்ரிக் கரையில் இறங்கினார்.

ஜெரால்ட் அந்தக் கிளர்ச்சியில் உடனே சேரவில்லை. தயங்கினார், கடிதம் எழுதினார், தன் விசுவாசத்தைச் சொல்லிப் பார்த்தார். அக்டோபரில் மால்பி என்ற ஆங்கிலத் தளபதி அஸ்கீட்டனுக்கு வந்தார். கோட்டையைப் பிடிக்கப் பீரங்கி இல்லை. அதனால் ஊரைக் கொளுத்தினார். ஆற்றோரத்து பிரான்சிஸ்கன் மடத்தைக் கொளுத்தி, அங்கிருந்த டெஸ்மண்ட் முன்னோர் கல்லறைகளை உடைத்தார். நவம்பர் 2ஆம் தேதி ஜெரால்ட் துரோகி என்று அறிவிக்கப்பட்டார்.

மடத்துக்கு நடந்தே போனோம். பூட்டு இல்லை, கட்டணமில்லை. நான்கு பக்கமும் கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கும் உள்முற்றம் ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. ஒரு மூலையில் ஐந்து காயத் தழும்புகளுடன் புனித பிரான்சிஸின் சிற்பம். கோட்டை அங்கிருந்து கூப்பிடு தூரம். தாத்தன் பூட்டன் கல்லறையை உடைக்கும் ஓசை ஆற்றைக் கடந்து கேட்டிருக்கும். இந்த முற்றத்தில் நின்ற பிறகு ஜெரால்டைக் கிளர்ச்சிக்காரர் என்று சொல்ல என் நா எழவில்லை. அவரைத் தள்ளினார்கள், அவர் விழுந்தார். அப்புறம் அவர் செய்ததும் கொடுமைதான். அதே நவம்பரில் யால் துறைமுக நகரத்தைச் சூறையாடினார்.

அங்கிருந்து கழிமுகத்தை ஒட்டியே மேற்கே போனோம். பாலிலாங்ஃபர்டுக்கு அப்பால் கேரிகஃபாயில் கோட்டை, சேற்றுக் கழியின் ஓரத்தில் ஐந்து அடுக்காக உயர்ந்து நிற்கிறது. ஒரு முழுச் சுவர் இல்லை. 1580 ஈஸ்டரையொட்டி இரண்டே நாளில் ஆங்கிலப் பீரங்கிகள் திறந்த வாய் அது. இன்றும் மூடவில்லை. உள்ளே இருந்தவர்களை ஆண் பெண் பாராமல் கொன்றார்கள். செய்தி கேட்ட அஸ்கீட்டன் காவற்படை தன் கோட்டைக்குத் தானே வெடிவைத்துவிட்டு இரவோடு ஓடியது. பாலத்திலிருந்து நாங்கள் பார்த்த பாதிக் கோபுரம் நினைவுக்கு வந்தது. ஐந்தடுக்கின் சுற்றுப்படியில் ஏறினோம். உச்சியில் காற்று தள்ளியது. "இந்த ஊர்ல இவ்வளவு நடந்திருக்குன்னு எனக்குத் தெரியாது மாமா," என்றாள். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

அடுத்த மூன்று ஆண்டுகள் நடந்ததைப் போர் என்று சொல்வது பிழை. படைகள் படைகளைத் தேடவில்லை, விளைச்சலைத் தேடின. கதிரைக் கொளுத்தினார்கள், மாட்டை ஓட்டினார்கள், உழவனைக் கொன்றார்கள். கிளர்ச்சிக்காரனுக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்றால் யாருக்குமே சோறு கிடைக்கக் கூடாது என்ற கணக்கு. 1582 வசந்தத்தில், ஆறு மாதத்துக்குள் 30,000 பேர் பட்டினியால் மாண்டதாக ஆங்கில அதிகாரி ஒருவரே மதிப்பிட்டு எழுதினார். கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் அப்போது அயர்லாந்தில் அரசப் பிரதிநிதியின் செயலாளர். காட்டுக்குள்ளிருந்து தவழ்ந்து வந்த எலும்புக்கூடு மனிதர்களைப் பிற்பாடு அவர் எழுதினார். அதை எழுதிய அதே கை, நாட்டை அடக்கப் பஞ்சத்தை ஒரு வழியாகவும் பரிந்துரைத்தது. ஆங்கில இலக்கிய வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் எனக்கு இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ட்ரலீயில் இரவு தங்கினோம். ஏர்லின் பெரிய கோட்டை இருந்த இடத்தில் இப்போது டென்னி தெரு, அழகான செங்கல் வீடுகளின் வரிசை. ஜெரால்டின் நிலத்தில் ட்ரலீயைப் பெற்ற ஆங்கிலக் குடும்பத்தின் பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டையை இடித்துத் தெருவாக்கினார்கள்.

மறுநாள் காலை கிளானகீன்டி. ட்ரலீக்குக் கிழக்கே, மலை மடிப்பில் ஒரு காட்டுப் பள்ளத்தாக்கு. நடைபாதை போட்டு அம்புக்குறிகள் வைத்திருக்கிறார்கள். மழை சன்னமாகத் தூறியது. பாதையெங்கும் இலைச் சேறு. ஓடை சத்தம் கூடவே வந்தது. நாயோடு எதிரே வந்த பெரியவர் ஒருவர், எங்கே போகிறோம் என்று கேட்காமலே "கல்லுக்கா?" என்று கேட்டு, வலப்பக்கம் ஏறச் சொன்னார்.

1583 நவம்பரில் ஜெரால்டுடன் இருந்தவர்கள் சிலரே. காலை ஊன்ற முடியாமல் பிறர் தாங்க நடந்தவர். தலைக்கு 1000 பவுன் விலை. பசிக்கு அவருடைய ஆட்கள் மோரியார்ட்டி குடும்பத்தின் மாடுகளை ஓட்டிவந்துவிட்டார்கள். மாட்டைப் பறிகொடுத்தவர்கள் அரசுப் படையாட்களையும் சேர்த்துக்கொண்டு குளம்படி பார்த்து வந்தார்கள். இரவில் பள்ளத்தாக்கில் நெருப்பு தெரிந்தது. விடியும்வரை காத்திருந்து, நவம்பர் 11ஆம் தேதி குடிசைக்குள் புகுந்தார்கள். கெல்லி என்ற வீரன் முதலில் கையை வெட்டினான், பிறகு தலையை.

யோசித்துப் பாருங்கள். ஐந்து லட்சம் ஏக்கருக்குமேல் ஆண்டவரின் முடிவைக் கொண்டுவந்தது அரசியின் படையன்று, பசியில் ஓட்டிவந்த நாலு மாடு. அந்தத் தலை யாரிடம் போனது என்பது இன்னும் கொடியது. மன்ஸ்டரில் அப்போது படைத்தலைவர், ஜோனின் மகன் தாமஸ் பட்லர். மாற்றாந்தந்தையின் தலையை அவர் லண்டனுக்கு அனுப்பினார். லண்டன் பாலத்தில் அதைக் கழியில் குத்தி வைத்தார்கள். ஜோன் அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பே கண்மூடியிருந்தார்.

அவர் கொல்லப்பட்ட இடத்தைக் காட்டும் கல் சிறியது. பாசி பிடித்திருந்தது. மருமகள் தன் கையுறையால் துடைத்தாள்.

ஆள் செத்தார். ஆனால் பட்டம் சாகவில்லை, நிலமும் சாகவில்லை. அவை மகனுக்குப் போகவேண்டும். அங்கேதான் சட்டம் நுழைந்தது. ஜெரால்டை எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்பளிக்கவில்லை. ஆகவே டப்ளின் நாடாளுமன்றத்தில் 1586ல் தனிச் சட்டம் போட்டு, செத்தவரைத் துரோகியாக்கினார்கள். இதை அட்டெய்ன்டர் என்பார்கள். இந்தச் சட்டம் ஒருவர்மேல் விழுந்தால் அவருடைய ரத்தமே கெட்டுவிட்டதாகப் பொருள். முன்னோர் வழியாக அவருக்கு எதுவும் வராது, அவர் வழியாகப் பிள்ளைக்கு எதுவும் போகாது. சொத்து முழுதும் அரசுக்கு.

ஜெரால்ட் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தார். 1574லேயே நிலங்களை நம்பிக்கையானவர்கள் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். அந்தப் பத்திரம் நாடாளுமன்றத்தில் வந்தபோது, சட்டம் நிறைவேறாது போலிருந்தது. உடனே அரசுத் தரப்பு வேறொரு காகிதத்தை எடுத்துவைத்தது. அந்தப் பத்திரம் எழுதுமுன்பே, ஜெரால்டும் அவருடைய ஆதரவாளர்களும் ஒன்றாய் நிற்போம் என்று கையெழுத்திட்ட உடன்படிக்கை. அப்படியானால் துரோகம் முந்தியது, பத்திரம் பிந்தியது, ஆகவே செல்லாது. நான்காண்டுப் போரில் தீராதது ஒரு தேதியில் தீர்ந்தது.

நிலத்தைக் கூறு போட்டார்கள். 12,000 ஏக்கர், 8,000, 6,000, 4,000 என்று பங்குகள். இங்கிலாந்திலிருந்து குடிகளைக் கொண்டுவந்து வைப்பதாக ஒப்புக்கொண்டவர்களுக்கு அவை போயின. விதிப்படி ஒருவருக்கு 12,000 ஏக்கருக்குமேல் கூடாது. வால்டர் ராலேவுக்கு 42,000 ஏக்கர் கிடைத்தது. ஸ்பென்சருக்குக் கில்கோல்மன் என்ற இடத்தில் 3,000 ஏக்கர். அவர் தம் நெடுங்காவியத்தின் பெரும்பகுதியை எழுதியது அங்கேதான். 1598ல் மன்ஸ்டர் மறுபடி எழுந்தபோது அந்த வீடு எரிந்தது. அப்போது ஜெரால்டின் அண்ணன் மகன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்தாமஸைத் தங்கள் டெஸ்மண்ட் ஏர்ல் என்று கிளர்ச்சிக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அரசு தரப்பில் அவரை 'சுகான் ஏர்ல்' என்று ஏளனம் செய்தார்கள். சுகான் என்றால் வைக்கோல் கயிறு. ஆயிரக்கணக்கானவர் அந்த வைக்கோல் கயிற்றின் பின்னால் திரண்டார்கள்.

மூன்றாம் நாள் கில்மாலக் போனோம். லிமெரிக் மாவட்டத்தின் தெற்கே, மதில் சூழ்ந்த சிற்றூர். மதிலில் ஒரு பகுதியும் ப்ளாசம் வாயிலும் தெருவின் நடுவே நிற்கும் கோபுரமும் மிச்சம். நான் இந்தப் பயணத்தில் வந்துசேர விரும்பிய ஊர் இதுதான்.

ஜெரால்டின் ஒரே மகன் ஜேம்ஸ் 1571ல் இங்கிலாந்தில் பிறந்தான். தகப்பன் கிளர்ச்சி செய்தபோது எட்டு வயதுப் பிணையாள். 1584ல் லண்டன் கோபுரச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பதினாறு ஆண்டுகள் அங்கே. அவன் வாலிபம் மருந்துக் குப்பிகளோடு கழிந்தது. சுகான் ஏர்லின் செல்வாக்கை உடைக்க 1600ல் அரசிக்கு ஒரு யோசனை வந்தது. உண்மையான வாரிசை அனுப்பிவைப்போம், மக்கள் அவன் பக்கம் திரும்பிவிடுவார்கள். அட்டெய்ன்டரால் கெட்ட ரத்தம் ஒரு காகிதத்தில் சுத்தமானது. டெஸ்மண்ட் ஏர்ல் பட்டம் திருப்பித் தரப்பட்டது. நிலம் தரப்படவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஜேம்ஸ் இந்தத் தெருவில் வந்தான். சன்னல், கூரை, சாக்கடை விளிம்பு என்று ஓரிடம் விடாமல் மக்கள். தழுதழுத்தார்கள், முட்டி மோதினார்கள். தங்கும் வீட்டுவரை வழிவிலக்கப் படைவீரர்களாலும் முடியவில்லை. மேலிருந்து கோதுமையையும் உப்பையும் அவன்மேல் தூவினார்கள். புதிய தலைவருக்கு அமைதியும் வளமும் வேண்டி அந்த நாட்டில் தூவுகிற வழக்கம் அது. நம் வீட்டில் அட்சதை போடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பதினேழு ஆண்டுக்கு முன் தலை போனவரின் பிள்ளை திரும்பி வந்திருக்கிறான். பஞ்சத்தில் மிஞ்சியவர்கள், அந்தப் பஞ்சத்துக்கு ஒரு காரணமான குடும்பத்தின் பிள்ளையை உப்பிட்டு வரவேற்கிறார்கள்.

மறுநாள் ஞாயிறு. ஜேம்ஸ் தேவாலயத்துக்குப் புறப்பட்டான். லண்டனில் வளர்ந்தவன், அரசியின் மதத்தில் வளர்ந்தவன். இவர்களோ கத்தோலிக்கர்கள். போகும்போதே வழியெல்லாம் ஐரிஷ் மொழியில் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினார்கள். அவனுக்கு அந்த மொழி எட்டவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, நேற்று உப்பு தூவியவர்கள் வைதார்கள், காறித் துப்பினார்கள். அதன்பின் அவன் தெருவில் நடந்தபோது எட்டிப் பார்த்தவர்கூட இல்லை.

அந்த தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. மூலையில் அதைவிடப் பழைய உருண்டைக் கோபுரம். சுற்றிலும் கல்லறைகள். அதே ஊர்த் தேவாலயத்தில்தான் 1573ல் ஃபிட்ஸ்மாரிஸ் மண்டியிட்டு, நெஞ்சில் வாள்முனை தொட்டிருக்கச் சரணடைந்தார். வாசலிலிருந்து தெருவரை நூறு அடிகூட இருக்காது. அந்த நூறு அடியை நான் இரண்டு முறை நடந்தேன். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தகப்பனைப் பிரிந்து வளர்ந்த, தாய்மொழி கற்பிக்கப்படாத ஒரு நோயாளிப் பையன். அவனிடமிருந்து பறித்தது பட்டமென்று அரசி நினைத்தார். பறிபோனது இந்தத் தெருவோடு பேசும் வாய். அதைத் திருப்பித்தர எந்த அரசு ஆணையாலும் முடியாது.

"பாவம் மாமா, அந்தப் பையன்," என்றாள் மருமகள். சிறிது நேரம் கழித்து, "அந்தச் சனங்களும் பாவம்தான்."

1601 வசந்தத்தில் ஜேம்ஸ் லண்டனுக்குத் திரும்பினான். அதே ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனான். முப்பது வயது. அதே ஆண்டு மே மாதம் சுகான் ஏர்ல் மிச்சல்ஸ்டவுன் பக்கத்துக் குகை ஒன்றில், தன் உறவினர் கையாலேயே பிடிபட்டு, கோபுரச் சிறைக்குப் போய், அங்கேயே செத்தார். ஜெரால்டின் இரண்டாம் மனைவி எலினோர், காட்டிலும் குளிரிலும் கணவனோடு அலைந்தவர், மறுமணம் செய்துகொண்டு நெடுங்காலம் வாழ்ந்தார். ஸ்லைகோ மடத்தில் இரண்டாம் கணவருக்கு அவர் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் மண்டியிட்ட நிலையில் அவருடைய சிற்பமும் இருக்கிறது. அங்கே போக இம்முறை நாள் இல்லை.

பட்டம் மட்டும் நிற்கவில்லை. 1619ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அதைப் புதிதாக உண்டாக்கி ரிச்சர்ட் பிரெஸ்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்குத் தந்தார். அவர் மணந்திருந்தது தாமஸ் பட்லரின் மகளை. தலையை லண்டனுக்கு அனுப்பியவரின் மருமகன் தலையை இழந்தவரின் பட்டத்தைச் சூடிக்கொண்டார். 1628ல் பிரெஸ்டன் கடலில் மூழ்கி இறக்க, முன்பே போட்டிருந்த ஏற்பாட்டின்படி ஜார்ஜ் ஃபீல்டிங் என்ற ஆங்கிலச் சிறுவனுக்கு அது போனது. அவன் மகன் காலத்தில், 1675ல், டென்பி ஏர்ல் என்ற பட்டத்தோடு இது சேர்ந்துவிட்டது. இன்றும் அந்தக் குடும்பத்தின் தலைவர் டென்பி ஏர்ல், டெஸ்மண்ட் ஏர்ல் என்று இரண்டு பட்டங்களையும் வைத்திருக்கிறார். அவர்களுடைய பூர்வீகப் பண்ணை இங்கிலாந்தின் வார்விக்ஷயரில் இருக்கிறது.